விடிடி ரெகுலேட்டரின் கொடுக்கல் வாங்கல்

1117 வகை ரெகுலேட்டரின் டேட்டாஷீட்டைத் திறந்தால் 1.8, 2.5, 3.3, 5 வோல்ட் என்று பழகிய பதிப்புகளுக்கு நடுவே 2.85 வோல்ட் என்று ஒன்று இருக்கும். 2.85 வோல்ட்டில் ஓடும் லாஜிக் சிப்பை யாரும் தேடி வாங்குவதில்லை. பிறகு எதற்கு அந்தப் பதிப்பு? பழைய கணினிகளில் ஹார்ட் டிஸ்க்குகளை இணைத்த ஸ்கஸி (SCSI) பஸ்ஸின் முனையில் உட்காருவதற்கு.

பழைய ஸ்கஸி டெர்மினேட்டரில், அதாவது சிக்னல் முனையில் பட்டு எதிரொலிக்காமல் இருக்கப் போடும் சர்க்யூட்டில், ஒவ்வொரு சிக்னல் லைனுக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள்: 5 வோல்ட்டுக்கு 220 ஓம், கிரவுண்டுக்கு 330 ஓம். லைனிலிருந்து பார்த்தால் அது 3 வோல்ட்டில் கட்டிய 132 ஓம். வேலை நடந்தது. ஆனால் பஸ் சும்மா கிடக்கும்போதும் லைனுக்கு 9 மில்லிஆம்பியர் வடிந்துகொண்டே இருக்கும். 18 லைன்களுக்கு 164 மில்லிஆம்பியர், அதுவும் ஒரு முனைக்கு மட்டும். 5 வோல்ட் ஆடினால் 3 வோல்ட்டும் சேர்ந்து ஆடும். இதற்கு மாற்றாக வந்ததுதான் பூலே டெர்மினேட்டர்: ஒரு 2.85 வோல்ட் எல்டிஓ (1117 போன்ற லீனியர் ரெகுலேட்டர்), அதிலிருந்து லைனுக்கு ஒரு 110 ஓம் ரெசிஸ்டர். லைனை 0.2 வோல்ட்டுக்கு இழுத்தால் 24 மில்லிஆம்பியர். 18 லைனும் ஒன்றாகக் கீழே போனால் 434 மில்லிஆம்பியர். 800 மில்லிஆம்பியர் தரும் 1117 அதற்குத் தாராளம்.

அந்தக் கணக்கு ஒரே ஒரு நிபந்தனையில்தான் சரியாக இருந்தது. டிரைவர் ஓப்பன் கலெக்டர் வகை. லைனைக் கீழே இழுக்கும், மேலே தள்ளாது. ஆகவே மின்னோட்டம் எப்போதும் ரெகுலேட்டரிலிருந்து வெளியே மட்டும் போனது. வேகம் கூடியபோது, லைனை மேலேயும் விசையோடு தள்ளும் டிரைவர்கள் ஸ்கஸியில் வந்தன. அவை 2.85 வோல்ட்டுக்கு மேல் தள்ளும்போது மின்னோட்டம் ரெகுலேட்டருக்குள் திரும்பி வரப் பார்க்கிறது. 1117-இடம் அதை வாங்கிக்கொள்ள வழியே இல்லை. உள்ளே வர இடமில்லாத மின்னோட்டம் கெபாசிட்டரை நிரப்பும். டெர்மினேஷன் மின்னழுத்தம் மெல்ல மேலே ஏறும்.

பஸ் டெர்மினேஷனுக்கு ரெகுலேட்டர் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் பார்ப்பது வோல்ட்டை, அடுத்து ஆம்பியரை. என் கருத்தில் இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, மின்னோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான்.

திசை

பஸ்களை இந்தக் கேள்வியால் மூன்றாகப் பிரிக்கலாம்.

ஜிடிஎல் (GTL) என்ற சிக்னல் முறைக் குடும்பத்தில் டிரைவர் லைனைக் கீழே இழுக்கும், அவ்வளவுதான். ஜிடிஎல் டெர்மினேஷன் 1.2 வோல்ட், ஜிடிஎல் பிளஸ் 1.5 வோல்ட். இரண்டிலும் ரெகுலேட்டர் கொடுக்க மட்டுமே வேண்டும். சாதாரண எல்டிஓவோ, மின்னழுத்தத்தை இறக்கும் ஸ்விட்ச்சிங் வகையான பக் கன்வெர்ட்டரோ போதும்.

அதிவேக சிக்னல்களுக்கான ஈசிஎல் (ECL), எல்விபெக்ல் (LVPECL) குடும்பம் இதற்கு நேர் எதிர். அங்கே அவுட்புட்டில் எமிட்டர் ஃபாலோயர் இருக்கிறது; அது எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 3.3 வோல்ட் எல்விபெக்லில் டெர்மினேஷன் 1.3 வோல்ட், அதாவது சப்ளைக்கு 2 வோல்ட் கீழே. லைன் மேலே இருக்கையில் 50 ஓம் வழியாக ஏறத்தாழ 22 மில்லிஆம்பியர், கீழே இருக்கையில் 6. ஒரு ஜோடிக்கு 28 மில்லிஆம்பியர் இடைவிடாமல் ரெகுலேட்டருக்குள் வரும். இங்கே வாங்க மட்டும் தெரிந்த ரெகுலேட்டர் வேண்டும். 1.3 வோல்ட்டுக்கு ஒரு சாதாரண எல்டிஓவை மாட்டினால் அது முதல் நொடியிலிருந்தே தன் கட்டுப்பாட்டை இழந்துவிடும்.

மூன்றாவது, இன்று நம் கைகளில் அதிகம் புழங்கும் டிடிஆர் மெமரி பஸ். டெர்மினேஷன் மின்னழுத்தம், ஸ்கீமேட்டிக்கில் விடிடி என்று எழுதுவது, மெமரி சப்ளையில் சரிபாதி. டிடிஆர் 1.25, டிடிஆர்2 0.9, டிடிஆர்3 0.75, டிடிஆர்3எல் 0.675, டிடிஆர்4 0.6 வோல்ட். லைன் மேலே போனால் மின்னோட்டம் விடிடிக்குள் வரும். கீழே போனால் விடிடியிலிருந்து வெளியே போகும். கொடுக்கவும் வேண்டும், அதே அளவு வாங்கவும் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் தடுமாறவும் கூடாது.

டிடிஆர்3 போர்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம்

ஒரு புராசஸர், 16 பிட் அகலமுள்ள 4 ஜிகாபிட் டிடிஆர்3 சிப்கள் இரண்டு, ஃப்ளை-பை முறையில், அதாவது ஒரு சிப்பைத் தொட்டு அடுத்ததற்குப் போகும்படி, ட்ரேஸ்கள். தொழிற்சாலைக் கன்ட்ரோலர்களில் அடிக்கடி காணும் அமைப்பு. டேட்டா லைன்களுக்கான டெர்மினேஷன் டிடிஆர்2 காலத்திலிருந்தே சிப்புக்குள் போய்விட்டது. வெளியே மிஞ்சுவது அட்ரஸ், கட்டளை, கன்ட்ரோல் லைன்கள்: அட்ரஸ் 15, பேங்க் 3, ராஸ், காஸ், ரைட் எனேபிள், சிப் செலக்ட், சிகேஈ (கிளாக் எனேபிள்), ஓடிடி (சிப்புக்குள் இருக்கும் டெர்மினேஷனுக்கான கட்டுப்பாடு) என்று ஆறு. மொத்தம் 24.

டிரைவரின் உள் எதிர்ப்பு 34 ஓம், டெர்மினேஷன் ரெசிஸ்டர் 50 ஓம் என்று வைத்தால், லைனுக்கு 0.75 வகுத்தல் 84, அதாவது 8.9 மில்லிஆம்பியர். 24 லைனும் ஒரே பக்கம் சாய்ந்தால் 214 மில்லிஆம்பியர். இதுவே உச்சம், இதற்கு மேல் போக வழியில்லை.

சரிபாதி லைன்கள் மேலே, சரிபாதி கீழே இருந்தால்? விடிடி ரெகுலேட்டர் வழியே போகும் மின்னோட்டம் பூஜ்யம். மேலே இருக்கும் லைன்கள் விடிடிக்குக் கொடுப்பதைக் கீழே இருக்கும் லைன்கள் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. கணக்கில் மிச்சம் வருவதை மட்டும் ரெகுலேட்டர் சமன் செய்கிறது. லைன்கள் தற்போக்காக மாறினால் அந்த மிச்சம் 24-இன் வர்க்கமூலம் அளவில், ஏறக்குறைய 5 லைன்களின் மின்னோட்டமாக, 44 மில்லிஆம்பியரைச் சுற்றி இருக்கும். 0.75 வோல்ட்டால் பெருக்கினால் 33 மில்லிவாட் சூடு. உச்ச நிலையிலேயே 161 மில்லிவாட்தான். இந்த அளவுக்கு ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டர் தேவையில்லை. லீனியர் போதும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

டிடிஆர் முதல் தலைமுறையில் நிலைமை வேறு. டேட்டா லைன்களுக்கும் வெளியேதான் டெர்மினேஷன். 64 பிட் பஸ்ஸில் ஸ்ட்ரோப், மாஸ்க், அட்ரஸ் எல்லாம் சேர்த்தால் நூறு லைன்களுக்கு மேல். அந்த டிடிஆரின் சிக்னல் தரமான எஸ்எஸ்டிஎல்-2-இன் இரண்டாம் வகுப்பில் லைனுக்கு 16.2 மில்லிஆம்பியர். உச்சம் 1.6 ஆம்பியரைத் தாண்டும், சூடு 2 வாட். 3 ஆம்பியர் விடிடி ரெகுலேட்டர்கள் அந்தக் காலத்துத் தேவையிலிருந்து வந்தவை. அதே 3 ஆம்பியர் சிப்பை 24 லைன் போர்டில் போடுவதில் தவறொன்றும் இல்லை. போர்டுக்கு எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதை மட்டும் அந்தச் சிப்பின் முதல் பக்கத்திலிருந்து எடுக்காமல், லைன்களை எண்ணிக் கணக்கிட வேண்டும்.

சாதாரண எல்டிஓ போட்டால் என்ன ஆகும்

0.75 வோல்ட் தரும் எல்டிஓக்கள் கடையில் மலிவாகக் கிடைக்கின்றன. 500 மில்லிஆம்பியர் கொடுக்கும். நமக்கு வேண்டியது 214. கணக்கு சரிதானே என்று தோன்றும். போர்டு பூட்டும் ஆகும், அதுதான் ஆபத்து.

மேலே இருக்கும் லைன்கள் அதிகமானால், வாங்கத் தெரியாத எல்டிஓ கையை விட்டுவிடும். விடிடி அப்போது மேலே-கீழே விகிதத்துக்கு ஏற்ப மிதக்கும். 18 லைன் மேலே, 6 கீழே என்றால் விடிடி 1.125 வோல்ட்டை நோக்கிப் போகும். 23 மேலே, 1 கீழே என்றால் 1.44 வோல்ட். கீழே இருக்கும் அந்த ஒற்றை லைனின் கதி என்ன? விடிடி சரியாக இருந்தால் அது ரெஃபரன்ஸுக்கு (மேலா கீழா என்று ரிசீவர் ஒப்பிட்டுப் பார்க்கும் 0.75 வோல்ட்) 446 மில்லிவோல்ட் கீழே இருந்திருக்கும். இப்போது 168 மில்லிவோல்ட்தான். கீழே என்று ஏற்க டிடிஆர்3-இன் ஏசி175 விதி கேட்கும் எல்லை 175 மில்லிவோல்ட். எல்லையைத் தொடக்கூட இல்லை.

இந்தக் கோளாறு பிடிபடாமல் ஒளிந்துகொள்வதற்குக் காரணம் காலம். 24 லைன்களின் 84 ஓம்கள் இணையாகச் சேர்ந்தால் 3.5 ஓம், விடிடியில் 30 மைக்ரோஃபாரட் இருந்தால் காலமாறிலி 105 மைக்ரோசெகண்ட். நானோசெகண்ட் கணக்கில் மாறும் பஸ்ஸுக்கு அது ஒரு யுகம். அட்ரஸ் இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கும்போது மேலும் கீழும் சராசரியாகி விடிடி நடுவிலேயே நிற்கும். மெமரி டெஸ்ட் மணிக்கணக்கில் ஓடி வெற்றி என்று சொல்லும். பஸ் சற்று ஓய்ந்தால் கதை மாறுகிறது. ஓய்வில் சிப் செலக்ட், ராஸ், காஸ், ரைட் எனேபிள் எல்லாம் மேலே நிற்கும். அட்ரஸ் லைன்கள் கடைசியாக விட்ட மதிப்பில் நிற்கும். அதில் ஒன்றுகள் அதிகமாக இருந்தால் சில நூறு மைக்ரோசெகண்டில் விடிடி ஏறிவிடும். ஓய்வுக்குப் பின் வரும் முதல் கட்டளையில் கீழே போக வேண்டிய லைன் சரியாகப் போகாது. தவறு அட்ரஸைப் பொறுத்து வரும், ஓய்வின் நீளத்தைப் பொறுத்து வரும், வெப்பநிலை மாறினால் இடம் மாறும். மென்பொருளைக் குறை சொல்லி வாரக்கணக்கில் தேட வைக்கும் ரகம் இது.

சிறிய பிழைகளையும் அளந்து பார்க்கலாம். விடிடி 100 மில்லிவோல்ட் தவறினால், 34 ஓமும் 50 ஓமும் பங்கிட்டுக்கொள்வதால் லைனில் அது 40 மில்லிவோல்ட்டாக வந்து சேரும். விளிம்பின் வேகம் நானோசெகண்டுக்கு 1 வோல்ட் என்றால் 40 பிக்கோசெகண்ட் நகர்வு, மேல் விளிம்புக்கு ஒரு பக்கம், கீழ் விளிம்புக்கு மறுபக்கம். டிடிஆர்3-1600-இல் ஒரு கட்டளைக்கான காலம் 1.25 நானோசெகண்ட். ஆகவே 20, 25 மில்லிவோல்ட் பிழையை விடிடியில் பொறுத்துக்கொள்ளலாம். ரெஃபரன்ஸில் அந்தச் சலுகை கிடையாது. அதைப் பிறகு பார்ப்போம்.

ரெகுலேட்டரே வேண்டாம் என்றால்

லைனுக்கு இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்கள்: ஒன்று மெமரி சப்ளைக்கு, ஒன்று கிரவுண்டுக்கு. லைனுக்கு அது 0.75 வோல்ட்டில் 50 ஓமாகத் தெரியும். கொடுக்கும், வாங்கும், சப்ளை மாறினால் தானாகவே பாதியில் நிற்கும். விலை, லைனுக்கு எப்போதும் 7.5 மில்லிஆம்பியர். 24 லைனுக்கு 180 மில்லிஆம்பியர், 270 மில்லிவாட், போர்டு தூங்கும்போதும். 48 ரெசிஸ்டர்களுக்கு இடமும் வேண்டும். ஐந்தாறு லைன்களுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். 24-க்கு மாட்டேன். ஒரே ஒரு மெமரி சிப், புராசஸருக்கு மிக அருகில், என்றால் புராசஸர் தயாரிப்பாளரின் லே-அவுட் வழிகாட்டியே வெளி டெர்மினேஷனை விட்டுவிட அனுமதிக்கலாம். அப்படி இருந்தால் மகிழ்ச்சியாக விட்டுவிடுங்கள்.

டிடிஆர்5-க்கு இந்தக் கேள்வியே எழாது. கட்டளை லைன்களின் டெர்மினேஷனும் சிப்புக்குள் போய்விட்டது.

சிப்பைச் சுற்றி என்ன வேண்டும்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்51200-ஐ எடுத்துக்காட்டாக வைக்கிறேன். இதே பின் அமைப்பில் வேறு நிறுவனங்களும் செய்கின்றன, அதனால் கிடைப்பதற்குச் சிரமமில்லை. இதில் சப்ளை இன்புட் இரண்டு உண்டு. ஒன்று உள் சர்க்யூட்டுக்கு, 2.375 முதல் 3.5 வோல்ட் வரை. மற்றொன்று மின்னோட்டம் வரும் வழி; அதை மெமரி சப்ளையோடு இணைப்பது வழக்கம். முதல் இன்புட்டில் 5 வோல்ட்டைக் கொடுத்துச் சிப்பைக் கெடுப்பது ஸ்கீமேட்டிக்கில் சுலபமாக நடக்கும் தவறு. போர்டில் 5 வோல்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால் டிபிஎஸ்51206 பொருந்தும், அது 3.3, 5 இரண்டையும் ஏற்கும், 2 ஆம்பியர் தரும், அவுட்புட்டில் 10 மைக்ரோஃபாரட் செராமிக் போதும்.

டிபிஎஸ்51200-க்கு அவுட்புட்டில் குறைந்தது 20 மைக்ரோஃபாரட் வேண்டும். 10 மைக்ரோஃபாரட் எக்ஸ்5ஆர் அல்லது எக்ஸ்7ஆர் செராமிக் மூன்று என்பது பழக்கமான அளவு. பொதுவாகச் செராமிக் கெபாசிட்டர் டிசி மின்னழுத்தம் ஏறினால் கொள்ளளவை இழக்கும், இங்கே 0.75 வோல்ட்தான் என்பதால் 6.3 வோல்ட் ரகத்திலேயே இழப்பு மிகக் குறைவு. 24 லைனும் ஒரே நேரத்தில் கீழிருந்து மேலே போனால் மாற்றம் 428 மில்லிஆம்பியர். ரெகுலேட்டர் விழித்துக்கொள்ள 1 மைக்ரோசெகண்ட் ஆகிறது என்று வைத்தாலும் 30 மைக்ரோஃபாரட்டில் அது 14 மில்லிவோல்ட் ஆட்டம்தான். மின்னோட்ட இன்புட்டில் 10 மைக்ரோஃபாரட் இரண்டு, கன்ட்ரோல் இன்புட்டில் 4.7 மைக்ரோஃபாரட் ஒன்று.

மின்னோட்ட இன்புட்டை மெமரி சப்ளைக்குப் பதிலாக 1.2 வோல்ட் போன்ற தாழ்ந்த ரெயிலிலிருந்து எடுத்தால் சூடு குறையும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. கொடுக்கும்போது சூடு, இன்புட்டுக்கும் விடிடிக்கும் உள்ள வித்தியாசம் பெருக்கல் மின்னோட்டம்; அது குறையும். வாங்கும்போது சூடு விடிடி பெருக்கல் மின்னோட்டம். இன்புட்டில் என்ன இருந்தாலும் அது மாறாது. நம் 24 லைன் போர்டில் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. அப்படி எடுத்தாலும், விடிடி எவ்வளவு என்று சிப்புக்குச் சொல்லும் ரெஃபரன்ஸ் இன்புட் மட்டும் மெமரி சப்ளையிலிருந்துதான் வர வேண்டும்.

அந்த ரெஃபரன்ஸ் இன்புட்டுக்கு 10 கிலோ ஓம் இரண்டு, நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட். ரெசிஸ்டர்கள் 1 சதவீதம். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் தவறினாலும் நடுப்புள்ளி 7.5 மில்லிவோல்ட்தான் விலகும். டிடிஆர்3 கேட்கும் எல்லை மெமரி சப்ளையின் 0.49 முதல் 0.51 வரை, அதாவது இருபுறமும் 15 மில்லிவோல்ட். 5 சதவீத ரெசிஸ்டர் போட்டால் 0.475 வரை போகலாம், எல்லை உடைந்துவிடும். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று 1 நானோஃபாரட்டை 10 மைக்ரோஃபாரட் ஆக்குபவர்கள் உண்டு. 5 கிலோ ஓமோடு சேர்ந்தால் காலமாறிலி 50 மில்லிசெகண்ட். சப்ளை ஏறும்போது விடிடி பின்தங்கும். சப்ளை விழும்போது, ரெகுலேட்டருக்குத் தனி ரெயில் இருந்தால், விடிடி மேலேயே நின்று, சப்ளை இல்லாத மெமரிக்குள் மின்னோட்டத்தைத் திணிக்கும். டிவைடரை மெமரி சப்ளை ரெகுலேட்டரின் வாசலிலிருந்து எடுக்காமல் மெமரி சிப்களின் அருகிலிருந்து எடுப்பதும் நல்லது. சிப் உண்மையில் காணும் மின்னழுத்தத்தின் பாதிதான் நமக்கு வேண்டும்.

எனேபிள் பின்னை மெமரி சப்ளையின் பவர் குட் சிக்னலோடு இணையுங்கள். விடிடி எந்நேரமும் மெமரி சப்ளைக்குப் பின்னால்தான் வர வேண்டும். இந்தச் சிப்பில் எனேபிளை இறக்கினால் விடிடி அணையும், ரெஃபரன்ஸ் அவுட்புட் மட்டும் நிற்கும். மெமரியைச் செல்ஃப்-ரெஃப்ரெஷில் (மெமரி தன் தரவைத் தானே காத்துக்கொள்ளும் நிலை) போட்டுப் போர்டைத் தூங்க வைக்கும் வடிவமைப்புக்கு அது அப்படியே பொருந்துகிறது.

விரெஃப் வேறு, விடிடி வேறு

விரெஃப் என்பது மேலே சொன்ன ரெஃபரன்ஸ் மின்னழுத்தம். இரண்டும் 0.75 வோல்ட். மல்டிமீட்டரில் ஒரே எண்தான் வரும். அதனால் ஒரே ட்ரேஸில் இணைத்துவிடும் ஸ்கீமேட்டிக்குகள் இன்றும் வருகின்றன. விடிடி, நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் இரு திசையிலும் அடித்து ஓடும் ஆறு. விரெஃப், ரிசீவர் தன் முடிவை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல். அதில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. மேலே கண்டபடி விடிடியின் பிழை லைனில் பாதிக்கும் குறைவாகத்தான் சேரும். விரெஃபின் பிழை முழுசாக, எந்தக் கழிவும் இல்லாமல் மார்ஜினில் விழும். டிடிஆர்3-இல் அதன் மேல் அனுமதிக்கும் இரைச்சல் சப்ளையின் 1 சதவீதம், 15 மில்லிவோல்ட். விடிடியில் சகஜமான 14 மில்லிவோல்ட் ஆட்டம் ஒன்றே அதைத் தின்றுவிடும்.

ஆகவே விரெஃபை ரெகுலேட்டரின் ரெஃபரன்ஸ் அவுட்புட்டிலிருந்து தனி ட்ரேஸாகக் கொண்டுபோங்கள். டிபிஎஸ்51200-இல் அது 10 மில்லிஆம்பியர் வரை இரு திசையிலும் தாங்கும். அதன் வாசலில் 0.1 மைக்ரோஃபாரட். ஒவ்வொரு மெமரி சிப்பின் விரெஃப் பின் அருகிலும் ஒரு டீகப்ளிங் கெபாசிட்டர் வேண்டும். எல்லாம் சேர்ந்து அந்த அவுட்புட் தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அகலம் அரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, ஆடும் சிக்னல்களிலிருந்து விலகி.

போர்டில் வைக்கும் இடம்

ஃப்ளை-பை வரிசையில் கடைசி மெமரி சிப்புக்கு அப்பால் டெர்மினேஷன் ரெசிஸ்டர்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் மறுமுனைகள் மேல் அடுக்கில் ஒரு செப்புத் தீவில் சேர வேண்டும், ரெகுலேட்டர் அதன் ஓரத்தில். 40 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் அகலத் தீவின் எதிர்ப்பு 1 அவுன்ஸ் செம்பில் 5 மில்லிஓம். உச்ச மின்னோட்டத்திலும் 1 மில்லிவோல்ட்தான் இழப்பு. எதிர்ப்பு இங்கே பிரச்சினையே அல்ல, இண்டக்டன்ஸ்தான் பிரச்சினை. அதனால் நான்கு ரெசிஸ்டருக்கு ஒன்று வீதம் 0.1 அல்லது 1 மைக்ரோஃபாரட் செராமிக் தீவிலேயே உட்கார வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சொந்த வயா (அடுக்குகளை இணைக்கும் துளை). நான்கு ரெசிஸ்டர் சேர்ந்த பேக் பயன்படுத்தினால் பேக்குக்கு ஒன்று என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். பெரிய கெபாசிட்டர்களில் ஒன்று தீவின் மறுகோடியில்.

அவுட்புட் மின்னழுத்தத்தை அளக்கும் சென்ஸ் பின்னை ரெகுலேட்டர் அவுட்புட்டோடு அங்கேயே குறுக்கி இணைத்துவிடாமல் தீவின் நடுவிலிருந்து தனி மெல்லிய ட்ரேஸாகக் கொண்டுவாருங்கள். அவுட்புட் கெபாசிட்டர்கள் சென்ஸ் புள்ளிக்கு அருகில் இருக்கட்டும். தொலைவில் இருந்தால் லூப் ஆட்டம் காணும்.

டீகப்ளிங் கெபாசிட்டரின் மறுமுனை எங்கே போக வேண்டும் என்பது பலர் யோசிக்காமல் கிரவுண்டுக்கு இழுத்துவிடும் இடம். கட்டளை ட்ரேஸ்களுக்கு அடியில் எந்த அடுக்கு இருக்கிறதோ, திரும்பு மின்னோட்டம் அதில்தான் ஓடுகிறது. அது கிரவுண்ட் என்றால் கிரவுண்டுக்கு. மெமரி சப்ளை அடுக்கு என்றால் விடிடி கெபாசிட்டர்களும் அதற்கே போக வேண்டும்.

ஸ்விட்ச்சிங் எப்போது

ஆம்பியர் கணக்கில் தொடர்ந்து ஓடும் பெரிய பஸ்ஸுக்கு மட்டும். இரண்டு எச்சரிக்கைகள். லோடு குறைந்தால் பல்ஸைத் தவிர்க்கும் பக் கன்வெர்ட்டர்கள் அந்த நிலையில் மின்னோட்டத்தை வாங்காது. எப்போதும் பிடபிள்யூஎம்-இல் (பல்ஸைத் தவிர்க்காமல் தொடர்ந்து ஸ்விட்ச் செய்யும் முறை) ஓடும்படி கட்டாயப்படுத்த முடிகிற சிப்தான் இங்கே உதவும். வாங்கும்போது அந்தக் கன்வெர்ட்டர் பின்னோக்கி ஓடி, பூஸ்ட் போல இன்புட்டுக்கே மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்பும். இன்புட் மெமரி சப்ளையாக இருந்தால் மெமரியே அதைச் செலவழித்துவிடும். இன்புட் டையோடுக்குப் பின்னால் இருக்கும் 5 வோல்ட் என்றால் அந்த ரெயில் மேலே ஏறும்.

இரண்டு ரெசிஸ்டரில் சோதனை

புராசஸரை ரீசெட்டில் பிடித்து வைத்து, 3.3 ஓம் அரை வாட் ரெசிஸ்டரை விடிடிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வையுங்கள். 227 மில்லிஆம்பியர் கொடுக்கச் சொல்கிறோம். தீவின் மறுகோடியில் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, அதே ரெசிஸ்டரை விடிடிக்கும் மெமரி சப்ளைக்கும் நடுவே மாற்றுங்கள். இப்போது 227 மில்லிஆம்பியர் வாங்கச் சொல்கிறோம். இரண்டு அளவீடுகளும் விரெஃபிலிருந்து 25 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது சோதனையில் விடிடி 1.5 வோல்ட்டை நோக்கி எகிறினால் போர்டில் இருப்பது வாங்கத் தெரியாத ரெகுலேட்டர்.

ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் சந்தேகம் என்றால் அதே 3.3 ஓமை விடிடியிலிருந்து கிரவுண்டுக்கு நிரந்தரமாக வைத்து மெமரி சோதனையை ஓட்டிப் பாருங்கள், ஓய்வு இடைவெளிகளோடு. லைன்கள் தள்ளும் மின்னோட்டத்தை ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ளும். ரெகுலேட்டர் கொடுக்கும் பக்கத்திலேயே நிற்கும். அது 440 மில்லிஆம்பியர் வரை கொடுக்க வல்லதாக இருந்தால், இத்தனை நாள் வந்த பிழை நின்றுவிடும். விற்பனைக்குப் போகும் போர்டில் இந்த ரெசிஸ்டரை வைத்து அனுப்பாதீர்கள்; காரணத்தை உறுதி செய்ய மட்டும்.

சோதனை இரண்டும் சரி, விரெஃபும் சரி, ஆனாலும் மெமரி சில நேரம் எழுந்து சில நேரம் எழவில்லை என்றால் ரீசெட் லைனைப் பாருங்கள். ஸ்கீமேட்டிக்கில் கன்ட்ரோல் லைன்களோடு அதுவும் வரிசையில் நிற்பதால் 50 ஓமில் விடிடியோடு கட்டிவிடுவார்கள். டிடிஆர்3 ரீசெட் சீமாஸ் மட்டத்தில் இயங்கும் பின். மேலே என்று ஏற்க 1.2 வோல்ட், கீழே என்று ஏற்க 0.3 வோல்ட் வேண்டும். 34 ஓம் டிரைவரும் விடிடிக்கு 50 ஓமும் சேர்ந்தால் கிடைப்பது 1.196-ம் 0.304-ம். இரண்டு பக்கமும் 4 மில்லிவோல்ட் போதவில்லை. அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, கிரவுண்டுக்கு ஒரு 4.7 கிலோ ஓம் வையுங்கள்.